முதல் விண்ணப்பதாரர்

ஒரு ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் ஏறலாம் என்று அரசாங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவே ஓடுகிற ஆட்டோக்கள் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, சின்ன நோட்டில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அதுதான் என் உத்தியோகம்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் வீட்டுக்கடன் கம்பெனியின் கிளை இருக்கிறது. சம்பளச் சீட்டு என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கு நாங்கள் கடன் கொடுப்போம். வட்டி கூடுதல், மரியாதை இலவசம். கம்பெனியின் சின்னம் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. கூடு மட்டும்தான். குருவியையும் வரைந்தால் செலவு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

சம்பளச் சீட்டு இல்லாதவரின் வருமானத்தைக் கண்டுபிடிக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். இட்லிக் கடை என்றால் விடிகாலையில் போய் எத்தனை ஈடு வேகிறது என்று எண்ணுவேன். இஸ்திரி வண்டி என்றால் மூட்டைகளை எண்ணுவேன். அப்படியே வீட்டுக்குள் போய்ச் சமையலறையை ஒரு நோட்டம் விடுவேன். அரிசி டின், எண்ணெய் கேன், சிலிண்டர் ஒன்றா இரண்டா. ஒரு வீட்டின் நிலைமையை அதன் அரிசி டின் சொல்வதுபோல ஆடிட்டர் சொல்ல மாட்டார். வங்கித் தேர்வை ஏழு முறை எழுதி ஏழு முறையும் கணக்கில் கோட்டை விட்ட எட்மண்டாகிய என்னை, எண்ணுவதற்கென்றே ஒரு கம்பெனி வேலைக்கு வைத்திருப்பது கர்த்தரின் நகைச்சுவை என்று என் மனைவி சொல்வாள்.

வீட்டுக்கடன் கேட்டு வந்த ஜெர்சனின் ஷேர் ஆட்டோவில் அப்படித்தான் ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். 2021. முகக்கவசங்கள் பாதி முகத்திலும் பாதி தாடையிலும் தொங்கிக்கொண்டிருந்த காலம். பின்னால் ஏறப் போன என்னை இழுத்துத் தன் சீட்டிலேயே ஓரமாக உட்காரவைத்தான்.

"பின்னால உக்காந்தீங்கன்னா ஒரு டிக்கெட் போச்சு சார். அப்புறம் உங்களாலயே என் வருமானம் கொறஞ்சி, எனக்கு லோன் இல்லன்னு நீங்களே எழுதுவீங்க."

நியாயமான பேச்சு. ஒரு நடைக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். "பதினொண்ணு" என்றான், ஏதோ பாஸ் மார்க் சொல்வதுபோல. சட்டப்படியான எண்ணிக்கையை எழுதினால் அவனுக்குக் கடன் கிடைக்காது. உண்மையான எண்ணிக்கையை எழுதினால் என் ரிப்போர்ட்டே அவன்மீது கேஸ் போடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் பிடித்துப் போட்டேன். என் மனசு அப்படிப்பட்டது. இளகியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் மனைவி சுஜி, பம்மலிலேயே தோல் கையுறை தைக்கும் பட்டறையில் வேலை. ஒரே மகள் டெபோரா அப்போது மூன்றாம் வகுப்பு. கல்யாணமான பத்து வருஷத்தில் எட்டு வாடகை வீடு பார்த்தவர்கள். அவர்கள் வாங்க நினைத்தது பம்மலில் ஒரு சந்துக்குள், கீழே இரண்டு மேலே இரண்டு என்று நான்கு வீடுகள் கொண்ட கட்டடத்தில், மாடியில் முந்நூற்றெண்பது சதுரடி. ஒரு ஹால், ஒரு சமையலறை, நின்றுகொண்டு குளிக்க ஒரு பாத்ரூம்.

அரசாங்க மானியம் வேண்டுமென்றால் பத்திரத்தில் பெண் பெயர் இருக்க வேண்டும். சுஜியை முதல் விண்ணப்பதாரராகப் போட்டால் வட்டியிலும் கால் சதவீதம் குறையும். யோசனை என்னுடையதுதான். ஜெர்சனுக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து அவளை 'ஓனரம்மா' என்றே கூப்பிட்டான்.

கடைசியாக ஒரு காகிதம் மிச்சமிருந்தது. கடனோடு சேர்ந்து வருகிற ஆயுள் காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அவர்கள் கட்டிவிடுவார்கள். முதல் விண்ணப்பதாரருக்கு மட்டும் போடலாம், இரண்டு பேருக்கும் போடலாம். இரண்டு பேருக்கும் என்றால் இன்னொரு பதினோராயிரம். பத்திரச் செலவுக்கே அவர்களுக்குக் கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் இடித்துக்கொண்டிருந்தது. சுஜி தாலிச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

"ஒருத்தருக்குப் போதும்" என்று நானே டிக் அடித்தேன்.

ஜெர்சன் சிரித்தான். "நான் எங்க சார் போவப் போறேன். பல்லாவரம் போவேன், பம்மல் வருவேன்."

சாவி வாங்கிய அன்று வழக்கம்போல வாசலில் குடும்பத்தை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தேன். அது கம்பெனி விதி. உள்ளே போனதும் சுஜி செய்த முதல் வேலை பால் காய்ச்சுவது இல்லை. பையிலிருந்து சுத்தியலை எடுத்து ஹால் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். மாட்டுவதற்கு ஒன்றும் கையில் இல்லை. எட்டு வீட்டு ஓனர்களும் முதல் நாளே சொன்ன வார்த்தை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது. அடித்துவிட்டுத் தள்ளி நின்று அந்த ஆணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

2024 பிப்ரவரியில் அந்த ஆணியில் ஜெர்சனின் போட்டோவை மாட்டினார்கள்.

பல்லாவரம் ஸ்டாண்டில் வண்டி நிரம்பக் காத்திருந்தபோது, ஹேண்டில்பாரில் தலை வைத்துப் படுத்திருக்கிறான். கண்ணசந்துவிட்டான் என்று நினைத்து ஜனங்கள் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். வண்டி நிறைந்த பிறகும் எடுக்கவில்லையே என்று ஒரு பெரியவர் தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு. வயது முப்பத்தெட்டு. உயிரில்லாத டிரைவரை நம்பிப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தை நான் இன்றைக்கும் நினைக்காமலிருக்கப் பார்க்கிறேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து சுஜி ஆபீசுக்கு வந்தாள். துணிக்கடைப் பையில் எல்லாக் காகிதங்களும். லோன் போட்ட ஆள் போய்விட்டால் லோன் தள்ளுபடி என்று சந்தே அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

நான் விளக்கினேன். காப்பீடு முதல் விண்ணப்பதாரர்மேல் இருக்கிறது. முதல் விண்ணப்பதாரர் நீங்கள். பேக்கரியிலிருந்து பன் வேகிற வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. சுஜி என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தாள்.

"அப்போ நான் போயிருந்தா வூடு நின்னுருக்கும்."

காகிதத்தை மடித்துத் துணிக்கடைப் பையில் வைத்தாள்.

"தப்பான ஆள் போயிட்டாங்க சார்" என்றாள். பஸ் நம்பரை மாற்றிப் பார்த்து ஏறிவிட்டவள் சொல்வதுபோல.

டிக் அடித்தது என் பேனா என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து இருக்கிறது. கம்பெனிக்கு அது போதும்.

ஆட்டோவை அதற்குக் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கையுறைக் கூலியிலும் சங்கிலியை விற்ற காசிலும் மே வரைக்கும் தவணை வந்தது. பிறகு நின்றது. மூன்று தவணை நின்றால் வீட்டுச் சுவரில் 'இந்தச் சொத்து அடமானத்தில் உள்ளது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதுவது கம்பெனி வழக்கம். தகரத்தில் வெட்டிய அச்சு, ஒரு ஸ்ப்ரே டப்பா. இரண்டும் என் பைக்கின் பெட்டியில்தான் இருக்கும், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில்.

கம்பி கேட்டைத் திறந்து வைத்தால் மறைகிற மாதிரி, சுவரின் கீழ் ஓரத்தில் சின்னதாக எழுதிவிட்டுப் போட்டோ அனுப்பினேன். கிளை மேலாளர் கேஷவ் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். கத்துகிற ஆள் இல்லை. போன் செய்து, "எட்மண்ட், இது நோட்டீஸா, ரகசியமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் போய் சந்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினேன். ஸ்கூல் விட்டு வந்த டெபோரா படியில் நின்று வாய்விட்டு அதைப் படித்தாள். பிறகு, மழை பெய்தால் போய்விடுமா அங்கிள் என்று கேட்டாள். போகாது என்றேன். நல்ல பெயிண்ட்.

செப்டம்பர் கடைசியில் ஏல நோட்டீஸை எடுத்துக்கொண்டு நானே போனேன். அறுபது நாளில் மொத்தக் கடனையும் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்கு வரும். கதவில் ஒட்டிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் திட்டம். கதவு திறந்திருந்தது. சுஜி உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். வீடு பெருக்கித் துடைத்துக் கல்யாணத்துக்கு வைத்ததுபோல இருந்தது. நோட்டீஸில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அழவில்லை, வாதாடவில்லை. நான் வரும் வழியெல்லாம் பயந்தது அழுகைக்குத்தான். அது இல்லை என்றதும், எவ்வளவு பக்குவமான பெண் என்று மனசுக்குள் பாராட்டுப் பத்திரம் வாசித்தேன். நான் அவ்வளவு புத்திசாலி.

"ஒண்ணு கேக்கணும் சார். அந்த இன்சூரன்ஸ் இன்னும் என் பேர்ல கீதுல்ல?"

"இருக்கு."

"டெபோராவ வுட்டுப் படிக்கச் சொன்னேன். இங்கிலீஷ்ல நல்லா படிக்குது. நான் போனா மீதி லோன் பூரா அவங்களே கட்டிருவாங்க, வூடு கொயந்தைக்கு வந்துரும்னு போட்டுகீதாம். கரெக்டா?"

கரெக்ட் என்றேன். டீயை ஊதினேன்.

"எப்டிப் போனாலுமா?"

ஊதிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் கண் தானாகச் சமையலறைக்குப் போனது. அரிசி டின் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பருப்பு டப்பா, புளி ஜாடி, எல்லாமே வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. இல்லாத வீட்டைப் பார்த்திருக்கிறேன். இல்லாத வீட்டிலும் டின்னுக்கடியில் ஒரு பிடியாவது கிடக்கும், நாளைக்கு என்று. கதவோரத்தில் டெபோராவின் ஸ்கூல் பையும், அவள் துணிகள் வைத்த இன்னொரு பையும் கட்டித் தயாராக இருந்தன. அரக்கோணத்தில் நாத்தனார் வீட்டுக்கு சனிக்கிழமை அனுப்புகிறேன், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சுஜி சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

அன்று வியாழக்கிழமை.

எனக்கு அந்தச் சமயத்தில் என்னென்னவோ சொல்லத் தோன்றியது. தப்பு என்று, பாவம் என்று, பிள்ளையை நினைத்துப் பார் என்று. பிள்ளையை நினைத்துத்தானே அவள் கணக்கே போட்டிருக்கிறாள். அந்தக் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. டிக் அடித்து அந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

தம்ளரைக் கீழே வைத்தேன். "இருக்குன்னு சொன்னது தப்பு சுஜி. நான் வேற ஃபைல் ஞாபகத்துல சொல்லிட்டேன். பாலிசி நின்னு போச்சு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு தவணை விட்டா அதுவா கேன்சல் ஆயிடும். போன மாசமே போயிடுச்சு."

"2036 வரைக்கும்னு பேப்பர்ல கீதே."

"அது ஒழுங்கா கட்டுறவங்களுக்கு. பேப்பரக் கொண்டாங்க."

சுத்தப் பொய். காப்பீட்டுக்கு ஒரே தடவை மொத்தமாகக் கட்டியாகிவிட்டது. தவணைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. ரசீதுக்கு வைக்கிற ரப்பர் ஸ்டாம்ப் பையில் இருந்தது. அதை எடுத்து, தூக்கணாங்குருவிக் கூட்டை அதன் மேல் ஓங்கி ஒரு குத்து. என் வாழ்க்கையில் நான் வைத்த ஒரே கள்ள முத்திரை. காகிதத்தை மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு சுஜி வாயைத் திறந்தாள்.

"அதையும் உருவிட்டீங்களா?" என்று ஆரம்பித்தது. "அவுரு போனப்ப அவுரு பேர்ல இல்லன்னீங்க. இப்ப நான் இருக்கசொல்லோ அதுவும் இல்லையா? நீயெல்லாம் சர்ச்சுக்குப் போற ஆளா சார்?"

அதற்குப் பிறகு வந்ததை அச்சில் போட முடியாது. நான் பிறந்த விதம், என் கம்பெனி, என் பெயிண்ட் டப்பா, எதையும் அவள் விடவில்லை. டீ தம்ளர் சுவரில் பட்டு உருண்டது. ஏழு மாதத்தில் அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். இன்னும் திட்டு, நிறுத்தாதே என்று எனக்குள்ளே யாரோ கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

கீழ் வீட்டில் ஞானஜோதி அக்கா இருந்தார். பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். சுஜியைத் தனியாக விடாதீர்கள் அக்கா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு முறை பார்த்தார், கீரையை முறத்தோடு தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். அன்றைக்கு ஏறியவர், டெபோராவையும் ஊருக்கு அனுப்பவிடாமல், மூன்று வாரம் அங்கேயேதான் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சுஜி கம்பெனிக்குப் புகார் எழுதிப் போட்டாள். டெபோராவின் கையெழுத்தில், கோடு போட்ட நோட்டுத் தாளில். எங்களுக்குச் சொல்லாமல் பாலிசியை ரத்து செய்துவிட்டார்கள், பேப்பரையும் எட்மண்ட் சார் பிடுங்கிக்கொண்டார். கேஷவ் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பாலிசி ஆக்டிவ்னு காட்டுது. கேன்சல்னு ஏன் சொன்னீங்க?"

அரிசி டின்னைச் சொன்னேன். கட்டி வைத்த பைகளைச் சொன்னேன். அவள் கேட்ட கேள்வியையும், நான் குத்திய முத்திரையையும் சொன்னேன். கேஷவ் புகாரில் இருந்த தேதியைப் பார்த்தார். பொய் முத்திரைக்கு வேலை போகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இந்தப் புகாருக்குப் பதில் போட எத்தனை நாள் டைம் இருக்கு?"

"முப்பது நாள் சார்."

"முப்பதாவது நாள் போடலாம்" என்று திரையை மூடினார்.

ஏலத்துக்குப் போனால் வீடு அடிமாட்டு விலைக்குப் போகும். அதற்கு முன்னால் அவளே விற்றால் கடன் போக ஏதோ கையில் நிற்கும். இதை நான் சொல்லி அவள் கேட்க மாட்டாள் என்பதால் ஞானஜோதி அக்கா வாயால் சொல்லவைத்தேன். வாங்க ஆள் தேடியதும் நான்தான். தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை போட்டிருந்த ஏகநாதன். அவருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது, அவருக்கும் எங்கள் கம்பெனிதான் கடன். மூன்று காலை அவர் கடையில் நின்று தோசை எண்ணினேன். காப்பீட்டுக் காகிதம் வந்தபோது அவர், மனைவி இரண்டு பேருக்கும் போட்டால்தான் ஃபைலை எடுத்துக்கொண்டு போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். கமிஷனுக்கு அலைகிறேன் என்று ஏகநாதன் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

இதற்கிடையே தினமும் காலையில் பைக்கை அந்தச் சந்து வழியாகவே விட்டேன். மொட்டை மாடிக் கொடியில் சுஜி துவைத்துப் போட்ட ஸ்கூல் யூனிபார்ம் ஈரமாகத் தொங்கினால் எனக்கு அன்றைய பொழுது ஆரம்பமாகும். ஒரு நாள் மழை. கொடியில் ஒன்றுமே இல்லை. படியேறி வாசல்வரை போய்விட்டேன். உள்ளே சுஜி டெபோராவைப் பல் தேய்க்கச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் போடாமல் இறங்கி வந்தேன்.

புகாருக்கு முப்பதாவது நாள் கேஷவ் பதில் போட்டார். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' அடுத்த வாரம் பத்திரம் முடிந்தது, கடன் கணக்கு மூடப்பட்டது. கடன் மூடினால் காப்பீடும் தானாக முடிந்துவிடும். திரையில் அவள் பெயருக்கு எதிரே பாலிசி முடிந்துவிட்டது என்று வந்ததை நானும் கேஷவும் ஆளுக்கொரு முறை படித்தோம். நான் சொன்ன பொய் உண்மையாக நாற்பத்தொரு நாள் ஆனது. அவர் பேக்கரியிலிருந்து இரண்டு டீ வரவழைத்தார். கொண்டாட என்ன இருக்கிறது? ஒரு குடும்பத்தின் வீட்டை வெற்றிகரமாக விற்றிருந்தோம்.

மறுநாள் ஏகநாதன் குடிவருமுன் சுவரில் என் எழுத்தின் மேல் வெள்ளை அடித்தேன். இரண்டு கோட் அடித்தும் சிவப்பு லேசாகத் தெரிந்தது. நல்ல பெயிண்ட்.

சுஜி இப்போது அதே பம்மலில் ஒன்பதாவது வாடகை வீட்டில் இருக்கிறாள். ஓனர் முதல் நாளே சொல்லிவிட்டாராம், ஆணி அடிக்கக் கூடாது என்று. ஜெர்சன் போட்டோவை அலமாரி மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று ஞானஜோதி அக்கா சொன்னார். அந்தக் காப்பீட்டுக் காகிதம் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. கிழித்துப் போடக் கை வரவில்லை.

போன மாதம் என் பைக் சர்வீஸில் இருந்ததால் பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், எதிர் சீட்டில் சுஜி. சந்தைக்கு வந்து திரும்புகிறாள் போல, மடியில் காய்கறிக் கூடை. இறங்கிவிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் டிரைவரிடம் குரல் கொடுத்தாள்.

"அண்ணா, அந்த சார் கையில சில்றய எண்ணி வாங்கிக்கோ. வூட்டையே பாக்கெட்ல மடிச்சி வெச்சிக்கினு போற ஆளு."

ஆட்டோவே சிரித்தது. எனக்குக் காதுவரை சூடேறியது. மேலே ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்னும் இரண்டு பேர் ஏறி நெருக்கி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பியது. பழக்கதோஷம், எண்ணினேன். டிரைவரை விட்டுவிட்டுப் பதினோரு பேர். அவளையும் சேர்த்து.